சில்லு பூட்டிய வீடு

ஐரோப்பியர் 'காம்பிங்' என வழங்கும் பொழுதுபோக்கைத் தமிழிற் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் 'முகாமிடுதல்' என்ற சொல்லிலேயே வந்து நிற்பர். அகராதியளவில் அதிற் குற்றமில்லை. எனினும், எங்கள் வீட்டில் முகாம் என்னும் சொல்லுக்குப் பொருள் வேறு. வரிசையாக இடப்பட்ட இரும்புக் கட்டில்களையும், பலர் காத்து நிற்கும் பொதுச் சமையலறையையும், கதவிலே ஒட்டிய பெயர்ப் பட்டியலையும் அது குறிக்கும். ஆதலால், 2023ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், படுக்கையும் அடுப்பும் கொண்ட பழைய முகாம் வான் ஒன்றை வாங்குவோமா என்று நான் கேட்டபோது என் மனைவி உடனே விடை கூறவில்லை. தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வாங்குவம். ஆனால் அந்தப் பேரைச் சொல்லாதேங்கோ. சில்லு பூட்டின வீடு எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

நான் பேராதனையிற் படிப்பை முடிக்காமலே 1983க்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறியவர்களுள் ஒருவன். 1985இல் மேற்கு ஜேர்மனியை அடைந்தேன். அங்கு 1982ஆம் ஆண்டின் புகலிடச் சட்டம் ஒருவகை எல்லையை வகுத்திருந்தது. புகலிடம் கோரியவர் தமக்கு விதிக்கப்பட்ட மாவட்டத்தைவிட்டு எழுத்து மூலமான அனுமதியின்றி வெளியேறுதல் ஆகாது. அடுத்த மாவட்டத்தில் வைத்தியரைக் காண்பதாயினும், நண்பனின் மரண வீட்டுக்குப் போவதாயினும், முதலில் ஒரு கடதாசி வேண்டும். எனக்கு மணம் பேசப்பட்டு வந்தவளை அயல் மாவட்டத்தில் இருத்தினார்கள். இரண்டிடத்துக்கும் இடைப்பட்ட தூரம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்றே மேல். நடுவில் ஒரு சிற்றாறு. அதன்மேல் ஒரு பாலம். பாலத்தின் தலைமாட்டில் மாவட்டத்தின் பெயர்ப் பலகை. இரவல் சைக்கிளில் அப்பாலத்தைக் கடந்தபோது ஒருமுறை பொலிசாரிடம் அகப்பட்டேன். அம்மாதத்துக் கைச்செலவுப் பணம் முழுவதும் தண்டமாகப் போயிற்று. பின்னரும் கடந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதால் தீங்கு வராது என நம்புகிறேன்.

இவையெல்லாம் பழங்கதை. தளபாடத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் உழைத்து, 65ஆவது வயதில் ஓய்வுபெற்றபோது, எங்களிடம் ஒரு தொகை சேமிப்பாக இருந்தது. உண்மையைச் சொல்வதானால் அப்பணத்துக்கு வேறொரு வழி ஏற்கனவே குறிக்கப்பட்டிருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எம்மவர் இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்ட எங்கள் வீடு, காணி மீளக் கிடைத்தபின் நான்கு சுவராக நிற்கிறது. அதற்குக் கூரை போடவேண்டும் என்பதே பல ஆண்டுப் பேச்சு. செய்தியறிந்த அக்கா தொலைபேசியிற் கேட்டார்: "நிக்கிற வீட்டுக்குக் கூரையில்லை, உனக்கு ஓடுற வீடு வேணுமோ?" இக்கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. இன்றும் கூறவியலாது.

எந்த வாகனம் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. வெண்ணிறப் பேழை போன்ற பெரிய வாகனங்கள் இக்காலத்தில் மிகுதி. அவற்றுள் குளியலறையும் உண்டு. ஆனால் கிராமத்து ஒடுங்கிய தெருவில் அவற்றைத் திருப்புவதற்கு ஒருவர் இறங்கி நின்று கை காட்டவேண்டும். எனக்கு வேண்டியது அன்றாடம் கடைக்கும் போகத்தக்க சிறிய வண்டி. 1947இல் பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகர் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெட்டி வண்டியின் உருவைக் கிறுக்கிவைத்தார். அதிலிருந்து 1950இல் வொல்க்ஸ்வாகன் வான் பிறந்தது. மறு ஆண்டே அதற்குள் வைக்கத்தக்க கட்டிலும் அலுமாரியும் செய்துகொடுத்தது வீடன்புறுக் என்ற ஊரிலுள்ள வெஸ்ற்பாலியா நிறுவனம். 1844இல் கொல்லுப் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. நாங்கள் வாழ்வதும் வெஸ்ற்பாலியா நிலப்பகுதியிலேயே. அவ்வூர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஓட்டம். எங்களை எல்லைக்குள் நிறுத்திவைத்த மண்ணின் பெயரையே எல்லை கடக்கும் வண்டியும் தாங்கியிருந்தமை எனக்கு வேடிக்கையாகப் பட்டது.

நான் நாடியது ரி-4 எனப்படும் நான்காவது தலைமுறை வண்டி. 1990இல் வந்த இதிலேதான் அதுவரை பின்புறத்தில் இருந்த எஞ்சின் முன்புறத்துக்கு மாறிற்று. 2003இல் அதன் காலம் முடிந்தபின் இத்தகைய வண்டிகளை வொல்க்ஸ்வாகன் தானே கட்டத் தொடங்கிற்று; ஆதலால் வெஸ்ற்பாலியாவின் கைவேலை கொண்ட 'கலிபோர்னியா' வண்டிகளுள் ரி-4 கடைசியானது. நீளம் 5 மீற்றருக்குட்பட்டது. உயரம் ஏறத்தாழ 2 மீற்றர். நிறுத்தியபின் கூரையை மேலே தள்ளினால், துணிச் சுவரோடு இன்னொரு படுக்கை விரியும். கீழே பின்னிருக்கை கட்டிலாகும். இரு அடுப்பு, ஒரு சிறு குளிர்ப்பெட்டி, நீர்த்தொட்டி. எங்கள் இருவருக்கும் இவை போதும்.

பழைய வாகனம் வாங்குவதில் யாழ்ப்பாணத்தவனுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்பது என் செருக்கு. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்குப் பின் எங்கள் ஊரிற் புதுக்கார் என்பது அரிய காட்சி. ஒஸ்ரின் ஏ-40 கார்கள் கைமாறிக் கைமாறி, 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடின. அப்பா கார் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டை வைத்திருப்பார். தகரத்தில் அது ஒட்டும். துருவை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது விழும். நானும் ஒரு காந்தத்தோடு புறப்பட்டேன்.

முதலிற் பார்த்த வண்டி நெடுஞ்சாலையோர வியாபாரி ஒருவருடையது. நீல வண்ணம் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. காந்தம் எங்கும் ஒட்டிற்று. உள்ளே அலுமாரிப் பலகைகள் புத்தம் புதியன. மூலைகள் அழகாகப் பொருத்தப்பட்டிருந்தன. மரவேலையில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் அவற்றைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தேன். முற்பணம் கொடுக்கக் கைப்பையைத் திறந்தும் விட்டேன். அப்போது மனைவி வண்டியினுள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு சில நிமிடம் பேசாமல் உட்கார்ந்தாள். இறங்கிவந்து தமிழிற் சொன்னாள்: "இது வேண்டாம். உள்ளுக்கை முகாம் மணக்குது."

அவள் அச்சொல்லைத் தானாகச் சொன்னது அன்றுதான். நான் மீண்டும் ஏறி மூக்கால் தேடினேன். பூச்சு மணமே வந்தது. அவள் பின்புற அலுமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். தட்டை நீக்கிக் கையை உள்ளே விட்டபோது, புதுப் பலகைக்குப் பின்னால் இருந்த பஞ்சுப்படை நனைந்த ரொட்டி போல் விரலோடு வந்தது. எங்கோ யன்னற் பொருத்து வழியே நீர் பல ஆண்டுகளாக இறங்கியிருக்கிறது. தகரம் உள்ளிருந்து அரிபட்டுக்கொண்டிருக்கிறது. காந்தம் வெளிப்புறத்தை மட்டுமே அறியும். அவளோ ஈரச் சுவரை ஒட்டிய கட்டிலில் இரண்டு குளிர்காலம் படுத்தவள். மறைத்துப் பூசிய ஈரத்தை அவளிடம் மறைத்தல் இயலாது. வியாபாரி, அக்காலத்து வண்டிகள் யாவும் அப்படித்தான் என்றார். அது முற்றிலும் பொய்யென்றும் சொல்வதற்கில்லை.

அதன்பின் பார்த்த வண்டிகளை விரித்துரைக்கத் தேவையில்லை. ஒன்று விலை மிகுந்தது. ஒன்றின் கடந்தகாலம் பற்றி உரிமையாளருக்கே தெரியவில்லை. யூன் மாதத்தில் ஒரு கிராமத்து மூதாட்டியின் கொட்டிலில் நாங்கள் தேடியதைக் கண்டோம். 1998இற் பதிவானது, 2.5 லீற்றர் டீசல், ஐந்து சிலிண்டர், 102 குதிரைவலு. ஓட்டம் 2,61,000 கிலோமீற்றர். ஓட்டத்தின் எண் என்னை அச்சுறுத்தவில்லை. இவ்வெஞ்சினில் அச்சமூட்டுவது பற்பட்டி. ஒன்றன்று, இரண்டு: ஒரு பக்கத்தில் வால்வுகளை இயக்குவதொன்று, மறுபக்கத்தில் எரிபொருட் பம்பியை இயக்குவதொன்று. முன்னையது ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் பிஸ்ரன்களும் மோதி எஞ்சின் பாழாகும். பழைய வண்டிகளை விற்போர் பலர் முதலாவதை மாற்றிய சீட்டைக் காட்டி இரண்டாவதைப் பற்றி வாய்திறப்பதில்லை. மூதாட்டியோ நாம் கேட்குமுன்பே ஒரு கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். இறந்துபோன கணவரின் சிறிய, நேரான எழுத்து. இரு பட்டிகளும் எப்போது மாற்றப்பட்டன, எந்தக் கராஜில், என்ன செலவில் என யாவும் அதில் இருந்தன. ஈராண்டுக்கொருமுறை நடக்கும் அரச தகுதிச் சோதனையின் தாள்களும், வாயு அடுப்பைச் சோதித்துப் பதியும் மஞ்சட் புத்தகமும் ஒழுங்காய் இருந்தன. காந்தம் சில்லின் மேல்வளைவில் ஓரிடத்தில் விழுந்தது. "அங்கே அவர் பூசினார், நன்றாகப் பூசத் தெரியாது" என்றார்.

மனைவி வழமைபோல் உள்ளே கதவைச் சாத்தி உட்கார்ந்தாள். சற்று நேரத்தின்பின் மூதாட்டியும் ஏறி அவளருகில் உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே நின்றேன். சிலேசியாவிலிருந்து சிறுமியாகத் தாயின் கைவண்டியோடு நடந்து வந்தவர் அவர் என்பதைத் திரும்பும் வழியில் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். விலையில் மட்டும் அவர் இரங்கவில்லை. 16,500 யூரோ கேட்டார், கொடுத்தோம். பராமரிப்புக் கொப்பியைத் தந்தவர், அதே எழுத்தில் பயணங்களைக் குறித்த வேறொரு கொப்பியை மடியிலேயே வைத்துக்கொண்டார். அதைக் கேட்கும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

வாங்கிய மகிழ்ச்சியில் நான் கவனிக்க மறந்த விடயமொன்று உண்டு. ஜேர்மன் நகரங்கள் பலவற்றின் நடுப்பகுதிக்குள் புகையளவு குறைந்த வாகனங்களே நுழையலாம். அதற்கு அடையாளமாக முன்கண்ணாடியில் பச்சை ஒட்டி வேண்டும். றூர்ப் பகுதியில் 2014 யூலையிலிருந்து பச்சை ஒட்டிக்கு மட்டுமே அனுமதி. எங்கள் வண்டிக்குப் பச்சை கிடையாது. மகன் குடியிருக்கும் டோட்முண்ட் அவ்வெல்லைக்குள் இருக்கிறது. வண்டிக்கு முப்பது வயது நிறைந்து, நல்ல நிலையிலும் இருந்தால், பழமைச் சின்னமெனத் தனி இலக்கத்தகடு பெறலாம், அதற்குத் தடையில்லை. அதாவது 2028வரை பொறுத்திருக்கவேண்டும். இதை நான் தயக்கத்தோடு விளக்கியபோது மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "பாவம், அதுக்கும் விசா இல்லையோ?"

அந்த ஓகஸ்டில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் முன்றிலில் சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். மறுநாட் புறப்பட்டோம். நோர்வேக்குப் போவோம், போர்த்துக்கலுக்குப் போவோம் என்று தேசப்படத்தை விரித்துப் பேசியதெல்லாம் இருக்க, முதல் இரவுக்கான இடத்தை மனைவியே சொன்னாள். நெடுஞ்சாலையை விட்டுப் பழைய தெருவில் ஓட்டச் சொன்னாள். முப்பது கிலோமீற்றர் தூரத்தை அரைமணியிற் கடந்தோம். சைக்கிளில் அது பாதிப் பகல். பாலம் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. பலகை அதே இடத்தில் நின்றது.

அருகில் வாகனங்கள் நிறுத்தும் சிறு வெளியில் வண்டியை விட்டு, கூரையை உயர்த்தி, அடுப்பில் தேநீருக்கு நீர் வைத்தாள். பொழுது சாய்ந்து கொண்டிருந்தது. நீர் கொதிக்கும் தறுவாயில் பொலிஸ் கார் ஒன்று பாலத்தால் மெல்ல வந்து எங்களுக்கு நேரே வேகம் தணித்தது. எங்கள் இருவரிடமும் ஜேர்மன் கடவுச்சீட்டு உண்டு. ஆண்டுகள் பல ஆயின. எனினும் நான் பேச்சை நிறுத்தினேன். அவள் கை அடுப்பின் திருகில் அசையாமல் நின்றது. காரிலிருந்த இளைஞன் வண்டியின் உயர்ந்த கூரையைப் பார்த்தான், பெருவிரலை உயர்த்திக் காட்டினான், போய்விட்டான்.

"இஞ்சாருங்கோ, சீனி எவ்வளவு?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தேநீர் போட்டவள்.