சிங்கிள் என்ட்ரி!

குடும்பம் என்றால் என்ன என்று வாத்தியாரைக் கேட்டால் ஒரு பதில் சொல்வார். வக்கீலைக் கேட்டால் வேறு பதில் வரும். டிராவல்ஸ்காரரைக் கேளுங்கள், ஒரே பதில்தான்: ‘டூ அடல்ட்ஸ், டூ சில்ட்ரன்!’

வெளிநாட்டு டூர் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். தொப்பி போட்ட அப்பா தோளில் பையன். கூலிங் கிளாஸ் போட்ட அம்மா கையைப் பிடித்தபடி பெண். பின்னால் ராட்சத ராட்டினம். நாலு பேருக்கும் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். அந்தப் படத்திலிருந்து அப்பாவை மட்டும் கத்தரித்து எடுத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு ரூம் வாடகையிலிருந்து ராட்டின சீட்டு வரை ஒரு கணக்கும் சரியாக வராது.

கணக்கு என்றதும் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். பாலக்கோட்டில் நாலு மளிகைக் கடை, ரெண்டு உரக் கடை, ஒரு தக்காளி மண்டிக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். நடுநடுவே இப்படி எழுதவும் செய்கிறேன். நாங்கள் படித்த கணக்குப் பதிவியலில் ‘டபுள் என்ட்ரி’, ‘சிங்கிள் என்ட்ரி’ என்று ரெண்டு உண்டு. பற்று ஒன்று இருந்தால் வரவு ஒன்று இருக்க வேண்டும், அது டபுள் என்ட்ரி, கௌரவமான குடும்பம். சிங்கிள் என்ட்ரிக்குப் பாடப் புத்தகம் வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள்: ‘முழுமை பெறாப் பதிவேடுகள்’!

எங்கள் வீடு இரண்டாவது ரகம். 2020-ல் வேலைக்கென்று வெளியூர் போன வீட்டுக்காரர் திரும்பவில்லை. கோர்ட், விவாகரத்து எதுவும் இல்லை. ஆள் இருக்கும் இடமும் தெரியாது. வீட்டில் நானும் மூணாவது படிக்கிற மகளும். அவ்வப்போது ஊரிலிருந்து வந்து போகும் என் அம்மா.

இந்த வீட்டுக்கு எதற்கு சிங்கப்பூர்? நியாயமான கேள்விதான். தெருவே கேட்டது.

“ஏம்மா, நம்ம ஒகேனக்கல் இல்லாததா? பரிசல்ல போலாம், மீன் வறுவல் திங்கலாம், எண்ணெய் மசாஜ்கூட இருக்குது. வெளிநாட்டுக்காரங்களே இங்க வர்றாங்க, நீ அங்க போறியாமே!” என்றார் எதிர்வீட்டு அக்கா.

“ராட்டினம்தானே வேணும்? பெங்களூருல வொண்டர்லா இருக்குதே” என்றார் மளிகைக் கடை அண்ணன்.

ரெண்டுக்கும் போய் வந்துவிட்டோம். ரெண்டும் பிரமாதம். ஆனால் விஷயம் ராட்டினம் இல்லை. மகள் வகுப்பில் ஒரு பெண் சிங்கப்பூர் போய்வந்து சாக்லேட் கொடுத்திருக்கிறாள். “நாங்களும் போவோம்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு அந்தப் பிஞ்சு, “உங்க வீட்லதான் அப்பா இல்லையே, பிளேன்ல விட மாட்டாங்க” என்று சட்டம் பேசிவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது, ஊறுகாய் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். “நெசமாம்மா?”

“விடுவாங்க கண்ணு” என்றேன். ஆக, போயே தீர வேண்டியதாகிவிட்டது.

பணம்? அவர் போன சில மாதத்தில் தபால் ஆபீஸில் மாதம் 2,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. ஆரம்பித்திருந்தேன். அறுபது மாதம். 2025-ல் முதிர்ந்தபோது வட்டியோடு கிட்டத்தட்ட 1,39,000 வந்தது. அம்மாவுக்கு இதில் மகா வருத்தம். “பொம்பளப் புள்ளைக்கு ஒரு சங்கிலி வாங்கிப் போடாம ஊரு சுத்தவா?” என்றாள். தங்கம் விற்கிற விலையில் ரெண்டு பவுன்கூட முழுசாக வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். “அப்ப ஒரு பவுன் வாங்கு” என்றாள். அம்மாக்களோடு கணக்குப் பேசக் கூடாது.

முதல் படி பாஸ்போர்ட். 2017 முதல் தலைமைத் தபால் நிலையங்களிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் திறக்க ஆரம்பித்ததில், மாவட்டத்துக்காரர்களுக்கு அலைச்சல் ரொம்பவே குறைந்திருக்கிறது. ஆனால் விண்ணப்பம் பூர்த்தி செய்து தரும் கடை என்று ஒன்று இருக்கிறதே! அங்கே உட்கார்ந்திருந்த தம்பி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் தீர்ப்புச் சொன்னார்: “குழந்தையோட அப்பா கையெழுத்து இல்லாம ஒண்ணும் ஆகாதுக்கா. கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாங்க.”

வாங்கிட்டு வாங்க என்றால், தக்காளியா?

வீட்டுக்கு வந்து விதிகளை நானே படித்தேன். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவர் பெயரும் கட்டாயமில்லை. பெற்றோரில் ஒருவர் பெயர் அல்லது சட்டப்படியான கார்டியன் பெயர் போதும். மற்றவரின் சம்மதக் கையெழுத்து கிடைக்காதபோது, காரணம் சொல்லி ஒருவரே கொடுக்க ‘இணைப்பு சி’ என்று ஓர் உறுதிமொழி இருக்கிறது. அதையும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நோட்டரி முத்திரை வேண்டாம்.

இது சும்மா வந்துவிடவில்லை. 1984-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன், சின்னப் பையனாக இருந்த தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் 9 சதவிகிதக் கடன் பத்திரம் வாங்க, தானே கார்டியனாகக் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தார். கணவர் பக்கத்திலேயே இருக்கிறார், அவருக்கும் பூரண சம்மதம். அப்படியும், தகப்பனார் கையெழுத்தோ, தாயைக் கார்டியனாக நியமித்த சான்றிதழோ வேண்டும் என்றது வங்கி. 1956-ம் வருஷத்து இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம், ‘தகப்பன், அவருக்குப் பின் தாய்’ என்று சொல்கிறது. ‘பின்’ என்றால் அவர் போய்ச் சேர்ந்த பிறகு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1999 பிப்ரவரியில் தீர்ப்பு: ‘பின்’ என்றால் செத்த பின் என்றுதான் இல்லை, தகப்பன் எந்தக் காரணத்தாலோ பிள்ளையின் பொறுப்பில் இல்லாதபோதும் தாய் இயற்கையான கார்டியன்தான். 2015-ல் இன்னொரு வழக்கில், கல்யாணமாகாத தாய், தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பாமலேயே தன் குழந்தைக்குக் கார்டியன் ஆகலாம் என்றும் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

ஒரே ஒரு ‘பின்’. அதைச் சரியாகப் படிக்க நமக்கு நாற்பத்துமூணு வருஷம்!

உறுதிமொழியில் காரணம் எழுதும் இடம் வந்தது. என் வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் ஏகப்பட்ட கதை உண்டு. துபாயில் இருக்கிறார், மும்பையில் பார்த்தார்கள், சாமியாராகிவிட்டார்... அதற்கெல்லாம் அங்கே இடமில்லை. இருக்கும் இடம் தெரியவில்லை, குழந்தை என் பொறுப்பில் வளர்கிறது. முடிந்தது. ஐந்து வருஷம் ஒன்றரை வரியில் அடங்கிவிட்டது. பக்கத்தில் மகள் எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா எழுதின?”

“அப்பா எங்க இருக்காருன்னு நமக்குத் தெரியாதுன்னு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “நெசமாவே தெரியாதா, எனக்கு மட்டும் சொல்லலையா?”

“எனக்கும் தெரியாது கண்ணு.”

“சரி” என்று என் பேனாவை வாங்கி மூடிவைத்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதற்கு முன் பேசியதே இல்லை. ஒரு சர்க்கார் காகிதம் பேச வைத்தது.

கவுண்டரில் இருந்த அம்மா அந்தக் காரணத்தை ரெண்டு தரம் படித்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மகளிடம், “போட்டோ எடுக்கலாமா பாப்பா?” என்றார். அவ்வளவுதான்! ஐந்து வருஷம் செல்லுபடியாகும் குட்டி பாஸ்போர்ட் தபாலில் வந்தது. மறுநாள் அது பள்ளிக்கூடம் போகப் பார்த்தது. பையிலிருந்து எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சட்டம் என்னை முழுக் குடும்பமாக ஒப்புக்கொண்டுவிட்டது. டிராவல்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை.

“சார் நம்பர் கொடுங்க மேடம், பேக்கேஜ் டீடெயில்ஸ் அனுப்பறேன்.”

“சார் வரலை. நானும் பொண்ணும்தான்.”

எதிர்முனையில் மௌனம். பிறகு ரேட் வந்தது. நாலு ராத்திரி. ‘டபுள் ஷேரிங்’கில் பெரியவருக்கு 72,000. தனிப் படுக்கை இல்லாத குழந்தைக்கு 45,000. கூட்டினால் 1,17,000 என்று சந்தோஷப்பட்டேன். “இல்லீங்க மேடம். ரூம்ல ரெண்டு பெரியவங்க இருந்தாத்தான் குழந்தை ரேட். ஒரு பெரியவங்கன்னா பாப்பாவும் பெரியவங்க கணக்கு.” ஆக 1,44,000. எட்டு வயசுப் பெண் டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜராகிவிட்டாள்! வித்தியாசம் 27,000. வராத மனிதருக்கு நான் கட்ட வேண்டிய டிக்கெட். இதன் மேல் டி.சி.எஸ். வரி வேறு. அது போன பணமில்லை, வருமான வரி ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பக் கேட்கலாம். இதைக் கேட்காமல் விடுபவர்கள் உண்டு, நீங்கள் கேளுங்கள்.

பேக்கேஜை விட்டேன். தனித்தனியாகப் பிரித்துப் போட்டேன். பாலக்கோட்டுக்குச் சென்னையைவிட பெங்களூரு விமான நிலையம் பக்கம். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் நாலரை மணி நேரம். ரெண்டு பேருக்கும் போக வர 52,000. ஓட்டல் ரூமுக்குத்தான் வாடகை, புருஷன் உண்டா என்று அது கேட்பதில்லை: 36,000. பூங்கா டிக்கெட் 11,000. விசா, இன்சூரன்ஸ் 8,000. சாப்பாடு, ரயில், அவசரச் செலவு 15,000. மொத்தம் 1,22,000. ஆர்.டி.யில் மீதி 17,000! சிங்கப்பூர் விசாவுக்கு நாம் நேரடியாக மனுப் போட முடியாது; அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் போட வேண்டும். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பூங்கா என்றது யுனிவர்சல் ஸ்டூடியோஸ். 2010-ல் சென்டோசா தீவில் திறந்தார்கள். அந்தத் தீவுக்கு முன்பு ‘பிளாக்காங் மாட்டி’ என்று பெயர். மலாயில் ‘மாட்டி’ என்றால் சாவு. 1972-ல்தான் சென்டோசா ஆனது. நம் ‘சந்தோஷ’த்தின் மலாய் ஒன்றுவிட்ட தங்கை. பெயரை மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதற்குத் தீவே சாட்சி.

அங்கேயும் டபுள் என்ட்ரிக்குத்தான் வசதி. குழந்தையை ஏற்ற முடியாத சவாரிகளில், அப்பா ஏறும்போது அம்மா பார்த்துக்கொள்ளலாம், பிறகு மறுபடி கியூ நிற்காமல் மாற்றி ஏறலாம். மாற்ற ஆள் இல்லாதவர்கள் கீழேயே நிற்கலாம். இன்னொன்று, ‘சிங்கிள் ரைடர்’ என்று தனி வரிசை. ஒற்றை ஆளுக்கு முன்னுரிமை! உலகத்தில் இப்படி ஓர் இடமா என்று நெஞ்சு விம்மியது. சேர்ந்து வந்தவர்களைப் பிரித்து உட்கார வைப்பார்களாம். வேண்டாம் சாமி, பிரிந்தவரை போதும்.

‘மம்மி’ என்று இருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டர் ஒன்று. ஏற உயரம் 122 சென்டிமீட்டர் வேண்டும். மகள் 119. சமையலறைச் சுவரில் பென்சில் கோடு போட்டு வாராவாரம் அளக்கிறாள். தினமும் முட்டை கேட்கிறாள். அவள் வளர்ந்தால் பக்கத்து சீட்டில் உட்கார இந்த மம்மியை விட்டால் வேறு ஆள் இல்லை. எனக்கு ஒகேனக்கல் பரிசலிலேயே தலை சுற்றும்.

அது சின்ன பயம். பெரிய பயம் ராத்திரியில்தான் வரும். அந்நிய ஊரில் எனக்கு ஒரு காய்ச்சல், ஒரு மயக்கம் என்றால்? இங்கே அம்மா இருக்கிறாள், எதிர்வீட்டு அக்கா இருக்கிறார். அங்கே என்னோடு இருக்கிற ஒரே மனுஷி மூணாம் வகுப்பு. “துணைக்கு யாரு?” என்று ஊர் கேட்கும்போது எரிச்சல் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதே கேள்வியை நானே கேட்டுக்கொள்வேன்.

பயத்துக்கு மருந்து பட்டியல். அவள் கழுத்தில் ஓர் அட்டை: பெயர், ஓட்டல் விலாசம், அம்மா வீட்டு போன். பாஸ்போர்ட் நகல் ரெண்டு பைகளிலும். கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் நம் இந்தியத் தூதரகத்தின் விலாசம். வாரத்தில் ரெண்டு நாள் ஒத்திகை. நான் சோபாவில் கண்ணை மூடிச் சாய்வேன்.

“அம்மா மயக்கம் போட்டுட்டேன். என்ன பண்ணுவே?”

“995, ஆம்புலன்ஸ். போலீஸுக்கு 999. அட்டையைக் காட்டுவேன். உன் ஹேண்ட்பேக்கை எடுத்து மாட்டிக்குவேன்.”

“பேச்சு புரியலைன்னா?”

“அங்கதான் தமிழும் ஆட்சி மொழின்னு சொன்னியே. தமிழ்லயே கத்துவேன்!”

கண்ணை மூடியபடியே கிடந்தேன். துணைக்கு யாரு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஒத்திகையை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஒரு வாரம் கழித்து மெதுவாகக் கேட்டாள். “அறுபது தாண்டினவங்களுக்கு பாஸ்போர்ட்ல தள்ளுபடி உண்டாமே?” உண்டு, பத்து சதவிகிதம். அந்தப் பதினேழாயிரத்துக்கு யார் குறி வைக்கிறார்கள் என்று புரிந்தது. அடுத்த ஆர்.டி. ஆரம்பித்தாயிற்று.

பரீட்சை முடிந்து மே மாதம் கிளம்புகிறோம். சிங்கிள் என்ட்ரியில் லாபம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஆரம்பத்தில் கையில் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. 2020-ல் என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மூணு வயசுக் குழந்தை ஒன்று. இன்றைக்கு 119 சென்டிமீட்டர் உயரம், கையில் ஒரு பாஸ்போர்ட், மனப்பாடமாக 995. பதிவேடு முழுமை பெறாவிட்டால் பெறாமல் போகட்டும். லாபம் லாபம்தான்!