உடைத்த வீட்டுக் கம்பி

சோனகத் தெருப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சொந்தங்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1990 ஒக்ரோபரில் நாங்கள் விட்டுப்போன வீடுகள் பலவற்றில் மிஞ்சியது இடிந்த சுவரும் கொங்கிறீட்டும்தான். அதை உடைத்தெடுத்த கம்பியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திப் புதுத் தூணுக்கு வைக்கிறோம். கம்பி விற்கும் விலைக்கு யாரையும் குறை சொல்ல ஏலாது. ஆனால் அந்தக் கம்பிக்குள் என்ன நடந்திருக்கிறது என்று உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளோடு பேசினோம். அதையே இங்கும் எழுதுகிறோம்.

வேலிக் கம்பியை நாலைந்து தரம் மடக்கி நிமிர்த்தினால் முறிகிறதே, ஏன்? இரும்பில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். வளைக்கும்போது அடுக்கு வழுக்கி, கோடு கோடாகப் பிசகுகள் உண்டாகும். சூடாக்கி மெல்ல ஆறவிட்ட உலோகத்தில் சதுர சென்ரிமீற்றருக்குப் பத்து இலட்சம் கோடுகள் அளவில் இருக்கலாம். கடுமையாக உருக்குலைத்தால் பத்தாயிரம் கோடியையும் தாண்டும். இவை ஒன்றோடொன்று சிக்குப்பட்டு உலோகம் இறுகும், இழுபடும் தன்மை குறையும். திருப்பி நிமிர்த்துவதும் இன்னொரு வளைப்புத்தான். பிசகு அழியாது, கூடும்.

இதை அறிய ஒரு கெட்டிக்கார வழி உண்டு: பொசித்திரன். இலத்திரனைப் போன்றது, ஏற்றம் மட்டும் நேர். சோடியம்-22 அதை வெளிவிடும்போது ஒரு காமாக் கதிரும் வரும். அது பிறப்புச் செய்தி. உலோகத்துக்குள் ஓர் இலத்திரனோடு சேர்ந்து அழியும்போது 511 கிலோ இலத்திரன் வோல்ற்று கொண்ட இரண்டு கதிர்கள் வரும். அது இறப்புச் செய்தி. இடைவெளிதான் ஆயுள். பிசகில்லாத இரும்பில் ஏறத்தாழ 110 பிக்கோ செக்கன். அணு விடுபட்ட வெற்றிடமோ பிசகுக் கோடோ இருந்தால் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். அங்கே இலத்திரன் குறைவு, அதனால் ஆயுள் 150ஐத் தாண்டும். செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கைக் கணக்கெடுக்கிறார்கள், சுப்ஹானல்லாஹ்!

எங்களுக்கு நேர் வடக்கே, ஏறத்தாழ 300 கிலோமீற்றரில் கல்பாக்கம். நாங்கள் புத்தளத்து முகாம்களில் இருந்த 1990களில், அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேண்டுமென்றே உருக்குலைத்த துருவேறா உருக்கை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். உலையின் கதிர்வீச்சில் உருக்கு உள்ளே குமிழ் விட்டு வீங்கும். சூடாக்காமலே உருக்குலைத்து வைத்தால், அந்தப் பிசகுகளில் தைத்தேனியம் காபைட்டுத் துணிக்கைகள் நுண்ணியதாகப் படிந்து வீக்கத்தைக் கட்டுப்படுத்தும். அவை எந்த வெப்பநிலையில் படிகின்றன என்பதைப் பொசித்திரனின் ஆயுள் காட்டியது. அங்கே பிசகு உதவி. ஆனால் அது அளந்து போட்ட பிசகு.

எங்கள் கம்பியில் அளவு யாருக்கும் தெரியாது. மேசன்மாரிடம் பொசித்திரனும் இல்லை. அதனால் நாங்கள் கேட்பது இதுதான்: தூணுக்கும் பீமுக்கும் பிளாட்டுக்கும் அந்தக் கம்பி வேண்டாம். கோழிக்கூட்டுக்கும் கொடிப் பந்தலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.