நூல் வழுவிய இடம்

என்னிடம் தமிழ் பயின்ற நம் கல்லூரிப் பழைய மாணவரொருவர் சென்ற விடுமுறையில் இல்லம் வந்தார். கணினியின் உறுப்புகளை இயக்கும் 'டிரைவர்' நிரல்களை லினக்சுக்கு எழுதி, எவரும் படிக்குமாறு திறந்து வைப்பவர். சிப்பைச் செய்தோர் தந்த கைந்நூல், 'இப்பதிவகத்தில் 1 எழுதினாற் குறி அழியும்' என்றதாம். எழுதினார், அழியவில்லை. மூன்று இரவுகள் தம் நிரலிலேயே பிழை தேடினாராம். ஈற்றில் 0 எழுதிப் பார்க்க, அழிந்தது. நூலே பிழை!

அவ்விரவுகளில் எனக்கும் பங்குண்டு. பாடநூலில் அச்சுப்பிழையொன்றைக் காட்டிய அவரை, "நூலை ஐயுறாதே" என்று வகுப்பிற் கடிந்தவன் யான். நினைவூட்டினேன், சிரித்தார்.

கைந்நூலே கிட்டாத வேளையும் உண்டாம். புரோட்கொம் நிறுவனத்தின் கம்பியில்லா இணைப்புச் சிப்புகளுக்கு, ஒரு குழு அந்நிறுவன நிரலைப் பிரித்தாய்ந்து விவரம் எழுதிற்று. அந்நிரலைக் காணாத மற்றொரு குழு அவ்விவரங்கொண்டே புதிதாக இயற்றிற்று. 2006இல் லினக்ஸ் 2.6.17 அதனை ஏற்றது.

அன்பர் தம் நிரலில், நூல் கூறுவது இது, கண்டது இது என இரண்டையும் குறித்துள்ளார், பின்வருவோர் 'திருத்தி'விடாதபடி. ஏடு பதிப்போர் பாடபேதங் காட்டும் முறையன்றோ!

அன்றிரவு அப்பாடநூலைத் தேடியெடுத்தேன். என் பிரதியில் அப்பிழை திருத்தப்படாமலே இருந்தது.