மூலமும் படியும்

விதைக்கென எடுத்துவைத்த சோளத்தைக் கொங்கு நாட்டு உழவர் எளிதில் உலையில் இடார். பசிக்கு உதவுவது ஒரு குதிரில் இருக்கும். அடுத்த பட்டத்துக்கு உரியது வேறொரு கலத்தில் தனியே காக்கப்பெறும். உண்பது தீர்ந்தால் மீண்டும் விளைவிக்கலாம். விதை தீர்ந்தால் வயல் தரிசாகும். ஏட்டுக்கும் படத்துக்கும் இதுவே நெறி.

பனையோலை நெடுங்காலம் நில்லாது. ஆதலின் நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தனர். சீவகசிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து வந்த சுவடிகளை ஒப்புநோக்கினார். ஒன்றில் சிதைந்ததை மற்றொன்று காட்டிற்று. படிகள் பல இருந்தமையால் நூல் பிழைத்தது.

திரைப்படத்துக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் ஊர்தோறும் சென்று படம் காட்டியவர். பின்னர்க் கோவையிலேயே திரையரங்கு அமைத்தவர். அவர் காலத்தில் மக்கள் வியந்து கண்ட படங்கள் பல இன்று இல்லை. 1931இல் வெளிவந்த தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ பெயரளவில் வாழ்கிறது. அதன் சுருள் கிடைத்திலது. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. வெள்ளியைப் பிரித்தெடுக்க வேண்டி அழிக்கப்பட்டனவும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றிய 1964க்குள் இழப்பு மிகுந்துவிட்டது.

இன்று கணினியில் படியெடுக்க ஒரு நொடி போதும். ஆயினும் மூலத்தை அழிக்கவும் அதே நொடி போதும். காங்கேயத்துக்கு அருகில் தோட்டத்தில் வாழ்ந்த என் பெரியம்மா, தம் மயிலைப் பசுவின் கழுத்தைத் தடவியவாறு நிற்கும் நிழற்படம் ஒன்று இருந்தது. அவர் மறைந்தபின், சட்டமிட்டு மாட்டுவதற்காக என் தமையனார் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பழைய பெயரிலேயே கணினியில் சேமித்துவிட்டார். சில நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது பசுவும் இல்லை. அதைத் தடவிய கையும் இல்லை.

அப்படத்தை எடுத்த கேமராவின் நினைவட்டை, உள்ளிருந்தவை நீக்கப்பட்டு, மேசை அறையில் கிடந்தது. ஒரு கோப்பை நீக்கும்போது பெரும்பாலும் அதன் இருப்பிடத்தைச் சுட்டும் குறிப்பே அழிகிறது. நூலின் பொருளடக்கத்தைக் கிழித்தாலும் உள்ளே பக்கங்கள் இருப்பதைப் போல, படம் அங்கேயே இருக்கக்கூடும். அதன்மேல் புதியது எழுதப்பட்டால்தான் மறையும். நல்வாய்ப்பாக அந்த அட்டையில் பின்னர் எவரும் படம் எடுக்கவில்லை. மீட்பு மென்பொருளின் துணையால் பெரியம்மாவும் பசுவும் திரும்பி வந்தனர். தமையனார் நெடுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது பேறு, காவல் அன்று. காவலாவது முன்னரே செய்வது. மூலத்தைத் தொடாமல் வைத்து, படியில் மட்டுமே திருத்தம் செய்க. திருத்தியதை வேறு பெயரில் சேமிக்க. படிகள் மூன்றாகுக, அவை இருவகைச் சாதனங்களில் இருக்க, அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருக்கட்டும்.

படி இருக்கிறது என்று நம்புவது மட்டும் போதாது. திறந்து பார்த்தலும் வேண்டும். 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறுதலாக நீக்கப்பட்டன. காப்புப் படிகளும் பழுதுற்றிருந்தமை அப்போதுதான் தெரிந்தது. பணியாளர் ஒருவர் தம் வீட்டில் வைத்திருந்த படியே அந்நாளில் கைகொடுத்தது.

மாணவர்களே! உங்கள் வீட்டில் முதியோரின் படம் ஒன்றேனும் இருக்கும். அதற்கு இன்றே ஒரு படியெடுத்து, வெளியூரில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.