அந்த நாள் நடித்தவர்கள்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எமக்கு 1942 ஏப்ரல் 9ஆந் திகதி வெறும் சரித்திரப் பாடமன்று. அன்று காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடாவின் மீதும் குண்டு பொழிந்தன. அவற்றுள் ஒன்று எண்ணெய்க் குதமொன்றின் மேல் வீழ, பற்றிய தீ பல நாட்கள் அணையவில்லை. உருகிச் சுருண்ட அந்த இரும்பு இன்றும் அங்கே கிடக்கிறது. மறு ஆண்டு, 1943 அக்டோபர் 11இல், சென்னையிலும் யப்பானியக் குண்டு வீழ்ந்தது. 'அந்த நாள்' என்னும் துப்பறியும் படத்தின் கதை அந்தக் குண்டு வீச்சிலிருந்தே பிறக்கிறது. ஆகவேதான் தொலைக்காட்சியில் அதனைக் காணுந்தோறும் எம்மூர் முதியோர் அதை அயலூர்க் கதையாக எண்ணுவதில்லை. பிள்ளைகளோ, படம் முடிந்ததும் வேறொன்று கேட்பார்கள்: இதில் நடித்தவர்கள் பிறகு என்னவானார்கள்?

வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். சுட்டவர் யார்? விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஒரு சம்பவத்தைப் பலர் வாய்மொழியாகக் காட்டும் இம்முறையை 1950இல் 'ரஷோமான்' படத்தின் மூலம் உலகுக்குப் பிரசித்தமாக்கியவர் அகிரா குரோசாவா. யப்பானியக் குண்டைப் பற்றிய தமிழ்ப் படத்துக்கு யப்பானியரின் கதை சொல்லும் முறையே கைகொடுத்தது விநோதந்தான்! பாட்டு இல்லை, நடனம் இல்லை. ஏ.வி.எம். நிறுவனம் 1954 ஏப்ரல் 13இல் இதனை வெளியிட்டபோது, பாட்டை எதிர்பார்த்துச் சென்ற ரசிகர்கள் ஏமாந்தனர், வசூலும் குன்றியது.

எழுபது ஆண்டு கடந்த படத்தின் முடிவைச் சொல்வதால் குற்றமில்லை. ராஜன் நாட்டைக் காட்டிக்கொடுத்த ஒற்றன். அவன் உயிரைக் குடித்தது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி.

ராஜனாக நடித்த சிவாஜி கணேசனின் பிற்கால வாழ்வை யாவரும் அறிவர். துரோகியாகத் தோன்றிய அவரே 1959இல் கட்டபொம்மனாகவும், 1961இல் கப்பலோட்டிய வ.உ.சி.யாகவும் வந்து தேசபக்திக்கே முகமாகிப் போனார். 1978இல் 'பைலட் பிரேம்நாத்' படத்துக்காக எமது தீவுக்கும் வந்து நடித்தார். 2001 ஜூலை 21இல் மறைந்தார். தீயவனாக நடித்தால் ரசிகர் வெறுப்பர் என்று அஞ்சும் இன்றைய நாயகர்கள், வளர்ந்து வந்த பருவத்தில் அவர் காட்டிய துணிவைக் கவனித்தல் நன்று.

துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவர் ஜாவர் சீதாராமன். படத்தின் திரைக்கதை வசனமும் அவர் எழுதியதே. பின்னர் 'மின்னல் மழை மோகினி', 'உடல் பொருள் ஆனந்தி' என்னும் நாவல்களால் வாசகரைக் கட்டிப்போட்டார். 1967இல் 'பட்டணத்தில் பூதம்' படத்தில் சாடியிலிருந்து எழும்பிய பூதமும் அவரே. 1971இல் காலமானார். ராஜனின் தம்பியாக வந்த டி.கே. பாலச்சந்திரன் மலையாளத் திரையுலகில் நடிகராகவும் தயாரிப்பாளராகவும் விளங்கினார்.

இயக்கிய எஸ். பாலசந்தரின் போக்குத்தான் எம்மை மிகவும் வியக்க வைப்பது. 'அந்த நாள்' வெளிவந்தபோது அவருக்கு வயது 27. அதன்பின் 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' என்று மர்மப் படங்களை எடுத்தார். 'பொம்மை'யின் இறுதியில், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் ரசிகர் முன் நிறுத்தி அறிமுகஞ் செய்தார். எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்? பிறகு சினிமாவை உதறிவிட்டு, எவரிடமும் பயிலாது தாமே கற்ற வீணையோடு வாழ்ந்தார். வீணை பாலசந்தர் என்று சொன்னால்தான் சங்கீத ரசிகர்களுக்கு அவரைத் தெரியும். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார். பாட்டில்லாப் படம் எடுத்தவரின் ஆயுளைப் பாட்டே ஆட்கொண்டது. கச்சேரிப் பயணத்திலே பிலாயில் அவர் உயிர் நீத்தது 1990 ஏப்ரல் 13இல். 'அந்த நாள்' வெளியாகிச் சரியாக 36 ஆண்டுகள்.

உஷாவாக வந்தவர் பண்டரிபாய். 1952இல் 'பராசக்தி'யில் சிவாஜியின் மனங்கவர்ந்த நங்கையாக வந்தவர், இரண்டே ஆண்டில் அவர் மீது துப்பாக்கி நீட்டினார். அதே 1954இல், ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமான 'பேடர கண்ணப்பா' என்னும் கன்னடப் படத்திலும் அவரே நாயகி. ஆயினும் திரையுலகம் அவரை வெகு விரைவில் தமக்கையாகவும் தாயாகவும் ஆக்கிவிட்டது. 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆருக்கு அக்காள். 1992இல் 'மன்னன்' படத்தில் ரஜினிகாந்துக்குத் தாய். நாயகர்கள் நாயகர்களாகவே முதுமையடைய, நாயகியருக்கு மட்டும் இத்தகைய அவசரம் ஏனோ! 2003 ஜனவரி 29இல் அவர் மறைந்தார்.

உஷா செய்தது சரியா என்ற விவாதம் எமது வீடுகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பகைவர் குண்டையும், பின்னர் மூன்று தசாப்த உள்நாட்டுப் போரையும் கண்ட ஊர் இது. கணவனா நாடா என்ற கேள்விக்கு இங்கே ஒருவரும் சட்டென்று விடை பகர்வதில்லை. முதியோர் சிலர் உஷாவை மெச்சுவர்; சிலர் தலையை அசைத்து மௌனம் சாதிப்பர். சிறுவர்களுக்கோ பண்டரிபாய் என்றால் 'மன்னன்' படத்து அம்மாதான். அந்தச் சாந்த முகத்தவளே துப்பாக்கி ஏந்திய உஷா என்று நாம் சொன்னால், நம்ப மறுத்து, படத்தை மறுபடியும் போடச் சொல்கிறார்கள்.