புலியூர்க்குறிச்சிக் கோட்டையும் வலிய கப்பித்தானும்

கோட்டையோடு ஒரு கிராமம் பாக்கணும்னா பிரான்சுக்குத்தான் போகணும்னு இல்ல மக்கா. நாரோயில்ல திருவனந்தபுரம் பஸ்ஸைப் பிடிச்சா தக்கலைக்குக் கொஞ்சம் முன்னால புலியூர்க்குறிச்சி வரும். ரோட்டோரமா கருங்கல் மதில் தெரியும் பாருங்க, அதுதான் உதயகிரிக் கோட்டை. நம்மாளுங்க பாதிப்பேரு அதைக் கண்டுக்காம நேரா பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருவாங்க. கோட்டை உள்ள வனத்துறையோட பல்லுயிர்ப் பூங்கா இருக்கு. மரமும் நிழலும், நடுவுல ஒரு குன்றும். நடந்து போனா கூரையில்லாத ஒரு பழைய சர்ச். அதுக்குள்ள ஒரு கல்லறை.

படுத்திருக்கிறவர் யூஸ்டேஷியஸ் டிலனாய். டச்சுக் கம்பெனிப் படையோடு வந்து, 1741-ல் குளச்சல் போர்ல மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்துப் பிடிபட்டவர். ராஜா அவரைக் கொல்லல, தன் படைக்கே பயிற்சி கொடுக்கச் சொல்லிட்டார். எதிரியா வந்தவர் தளபதியாயிட்டார்! சனங்க அவரைக் கூப்பிட்ட பேரு 'வலிய கப்பித்தான்'. அன்னைக்குத் தலைநகரம் பக்கத்துல உள்ள பத்மநாபபுரம். அதுக்குக் காவலா இந்தக் கோட்டையைக் கல்லால பலப்படுத்தினதும், உள்ளேயே பீரங்கி வார்த்ததும் இவர் மேற்பார்வையிலதான். டிலனாய் கோட்டைன்னும் இதுக்கு ஒரு பேரு உண்டு.

இதுவரைக்கும் வெற்றிக் கதை. எனக்கு உறுத்துறது இனிமேதான்.

அரண்மனை அதிகாரியா இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை டிலனாய்க்குச் சிநேகிதர். டிலனாய்கிட்ட பேசிப்பேசி அவருக்குக் கிறிஸ்தவத்துல ஈடுபாடு வந்து, 1745-ல் வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது. 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில சுட்டுக் கொன்னுட்டாங்க. தண்டனைக்கு மதமாற்றம்தான் காரணமா, வேற காரணமான்னு இன்னும் வாதம் நடக்குது. 2022-ல் வாடிகன் அவரைப் புனிதர்னு அறிவிச்சிட்டு.

அவரை எருமை மேல ஏத்திக் கொண்டுபோன வழியில தாகம் எடுத்து, பாறையில முட்டியால இடிச்சதும் தண்ணி வந்ததுன்னு ஒரு நம்பிக்கை. அந்த முட்டிடிச்சான் பாறையும் இதே புலியூர்க்குறிச்சியில்தான் இருக்கு, கேட்டியளா!

அதாவது, ஒரு ராஜ்ஜியத்தையே காப்பாத்தக் கோட்டை கட்டின மனுஷன். ஆனா கூட்டாளி செத்தது அதே ராஜ்ஜியத்தோட துப்பாக்கியில. அதுக்கப்புறமும் 25 வருஷம் இங்கேயே வேலை பாத்து, 1777-ல் செத்து, இந்த மண்ணுலயே அடங்கிட்டார். கல்லறையில லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. லத்தீன்ல அவர் ராஜாவுக்கு உழைச்சதும் பிடிச்ச நாடுகளும் இருக்கு. சிநேகிதரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அந்த 25 வருஷம் அந்தாளு எப்படித் தூங்கினாரோ?

அடுத்த தடவை அரண்மனை பாக்கப் போனா, இங்கேயும் இறங்குங்க. கல்லறையைப் பாத்துட்டு, அப்படியே முட்டிடிச்சான் பாறைக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் இந்த ஊர்க் கதை முழுசாகும்.