காகிதப் புலி

வேட்டைக்காரர்களைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. செத்த மிருகத்தை வாங்கிப்போய், அதற்கு மறுபடியும் ஓர் உடம்பு செய்துகொடுத்த தொழில்காரனைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை. மைசூர் வான் இங்கன் குடும்பத்தைப் பற்றி எழுத எனக்கும் தனித்த யோக்யதை ஏதுமில்லை. வங்கி குமாஸ்தா, காட்டைத் தூரத்து நீலமாக மட்டுமே பார்த்தவன்.

டச்சு வம்சாவளியினரான யூஜின் வான் இங்கன் 1900ஐ ஒட்டி மைசூரில் பாடம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். துரைமாரும் சமஸ்தானாதிபதிகளும் வாடிக்கை. தொழிலைத் தொடர்ந்த பிள்ளைகளின் பெயர்களோ போத்தா, டி வெட், ஜூபெர்ட். மூன்றும் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரை எதிர்த்து நின்ற போயர் தளபதிகளின் பெயர்கள். துரை பணத்தில் சோறு, துரையின் எதிரி பெயரில் பிள்ளை! இந்த ஒன்றுக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் செய்த புலிக்குள் வைக்கோல் கிடையாது. அச்சில் காகிதத்தைப் பசையோடு அடுக்கடுக்காக அழுத்தி, காய்ந்தபின் எடுத்தால் உள்ளே வெற்றிடமான ஓர் உடம்பு. அதன்மேல் பதனிட்ட தோல். நாரணாபுரத்துக்காரனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. காகிதத்தைச் சுற்றிப் பசை போட்டால் எவ்வளவு உறுதிப்படும் என்பது பட்டாசுக் குழாய் உருட்டும் எங்கள் ஊர்ப் பெண்களின் விரல்களுக்குத் தெரியும். மாவோ சொன்ன காகிதப் புலி வேறு. இது நூறு வருஷம் நிற்கிறது.

பழைய ஜமீன் வீடொன்றில் அந்த மாதிரித் தலை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வாய் பிளந்து, மூக்கின் மேல் தோல் சுருங்கி, பல் அத்தனையும் வெளியே. யார் செய்ததோ. வான் இங்கன் புலிகளும் பெரும்பாலும் இப்படி உறுமுகிறவைதாம். தத்ரூபம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது மெலோடிராமா. சுட்டவனின் வீரத்துக்குச் சாட்சியாக மிருகம் கடைசிவரை கோபமாக இருந்தாகவேண்டியிருக்கிறது. நம் கதைகளில் ஏழை எப்போதும் அழுதாகவேண்டியிருப்பதுபோல. உறுமல் வாடிக்கையாளனின் ரசனை. காதின் மடிப்பிலும் கண்ணோரத்திலும் உதட்டின் ஈரத்திலும் இருக்கும் சிரத்தைதான் பட்டறையினுடையது. அதை யாரும் விலை பேசியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சிரத்தை பட்டறைக்குள் உட்கார்ந்து வருவதல்ல. 1946இல் டி வெட், கபினி ஆற்றில் தூண்டில் போட்டு 120 பவுண்டு மகசீர் ஒன்றைப் பிடித்தார். அந்த இனத்தில் இன்றைக்கும் பேசப்படும் எடை அது. ஒற்றை நூலின் மறுமுனையில் 54 கிலோ உயிர் இழுக்கும்போது தசை எங்கே திரள்கிறது, எங்கே தளர்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கில இலக்கியம் படித்த என் போன்றவர்கள் 'அனுபவம்' என்ற சொல்லை எத்தனை சுலபமாகச் செலவழிக்கிறோம்!

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டறைக்கு வந்த புலியும் சிறுத்தையும் மட்டும் 43,000க்கு மேல். 1948இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் வான் இங்கன் பெயரில் ஒரு குறிப்பு வெளிவந்தது. விஷயம், கொரியா சமஸ்தானத்தில் சுடப்பட்ட சிவிங்கிப்புலிகள். நம் நாட்டின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் என்று இன்று சொல்லப்படுபவை அவைதாம். அந்த வரவை எழுதிவைத்தது பாடம் செய்கிறவர்கள். கைவினை என்று மெச்சிவிட்டு இதைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. கொலையில் அவர்களுக்குப் பங்கில்லை என்றும் சொல்லமாட்டேன். அந்தச் சிரத்தைக்குச் சோறு போட்டதே அந்தச் சாவுகள்தாம். இரண்டும் ஒரே பேரேட்டில் இருக்கின்றன.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொழில் ஒடுங்கி, 1999இல் பட்டறை மூடப்பட்டது. ஜூபெர்ட் 2013வரை இருந்தார். இறக்கும்போது வயது 101.

டி வெட் பிடித்தது எந்த இனத்து மீன் என்பது விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. அமராவதியில் கலக்கும் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு முன்பே இட்டிருந்த பெயர்தான் இதற்கும் என்று 2018இல் நிச்சயமானது. அதே வருஷம், முற்றிலும் அற்றுப்போகும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.